நகைச்சுவை நடிகை பாடிய கொலைக்கதை

அமெரிக்கப் பாப் இசையின் பழைய தரவரிசைகளைப் புரட்டுகிறவர்கள் விக்கி லாரன்ஸின் பெயரைக் கண்டதும், தொலைக்காட்சியில் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு எப்படியோ ஒருமுறை அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1973 ஏப்ரலில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்த ‘தி நைட் தி லைட்ஸ் வென்ட் அவுட் இன் ஜார்ஜியா’ என்ற பாடல், நகைச்சுவை மேடையில் பழகிய ஒருவர் பாடியதால்தான் அவ்வளவு நன்றாக அமைந்தது என்பது என் கருத்து.

பள்ளி மாணவியாக இருந்தபோது, தன் முகச்சாயல் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை கேரல் பர்னெட்டைப் போல இருக்கிறது என்று அவருக்கே கடிதம் எழுதியவர் லாரன்ஸ். அந்தத் துணிச்சலின் பலனாக, 1967இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி கேரல் பர்னெட் ஷோ’ தொடங்கியபோது, 18 வயதில் பர்னெட்டின் தங்கையாக நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே ‘தி யங் அமெரிக்கன்ஸ்’ என்ற இளைஞர் இசைக்குழுவில் பாடியிருந்தார் என்பதால், பாட்டு அவருக்குப் புதிதல்ல. ஆனால் வாரந்தோறும் பார்வையாளர்கள் முன்னிலையில் சிறுநாடகங்களில் நடித்ததில் கிடைத்த பயிற்சி வேறு எந்தப் பாடகிக்கும் எளிதில் வாய்க்காதது.

பாடலை எழுதியவர் அன்றைய அவருடைய கணவர் பாபி ரஸ்ஸல். ஏற்கெனவே வெற்றிப் பாடல்களைத் தந்திருந்த அவருக்கு, இந்தப் பாடல் மட்டும் ஏனோ பிடிக்கவில்லை. இது வெல்லும் என்று நம்பியவர் லாரன்ஸ்தான். தயாரிப்பாளர் ஸ்னஃப் காரெட் அதை முதலில் பாடகி ஷேருக்குக் (Cher) கொண்டுபோனதாகவும், தென்மாநில ரசிகர்கள் கோபப்படுவார்கள் என்று அஞ்சி ஷேரின் கணவர் சானி போனோ மறுத்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜார்ஜியாவின் ஒரு சிற்றூரில் ஷெரீஃப் என்ற உள்ளூர்க் காவல் அதிகாரியும் நீதிபதியும் சேர்ந்து, விசாரணை என்ற பெயரில் ஒரு நாடகம் நடத்தி நிரபராதி ஒருவனைத் தூக்கிலிடும் கதை அது. இரவு உணவுக்கு வீடு போய்ச் சேரும் அவசரம் நீதிபதிக்கு.

கதையின் கட்டமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்பும் ஒருவனிடம், அவன் மனைவி வேறொருவனோடும் தன்னோடும் உறவு வைத்திருந்ததை நண்பனே மதுக்கடையில் வைத்துச் சொல்லிவிடுகிறான். துப்பாக்கியோடு அந்த நண்பனின் வீட்டுக்குப் போகிறவன் வழியில் சிறிய காலடித் தடங்களைக் காண்கிறான். உள்ளே நண்பன் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறான். நிரபராதி தூக்கிலிடப்பட்டான் என்பதைப் பல்லவியே முன்கூட்டிச் சொல்லிவிடுவதால், முடிவு தெரிந்துவிட்டது என்ற எண்ணத்திலேயே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இவ்வளவையும் நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவனுடைய தங்கை என்பதும், அந்தத் தடங்கள் அவளுடையவை என்பதும், காணாமல் போன அண்ணியின் உடல் ஒருபோதும் கிடைக்கப்போவதில்லை என்பதும் கடைசிச் சரணத்தில்தான் தெரியவருகின்றன.

இத்தகைய பாடலைக் குரல்வளம் மிக்க ஒருவரிடம் கொடுத்தால், முதல் வரியிலேயே சோகத்தையும் மர்மத்தையும் கொட்டிவிடும் ஆபத்து உண்டு. லாரன்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஊர்ச் செய்தியை அடுத்த வீட்டாரிடம் சொல்வதுபோல, தனக்கும் இதற்கும் தொடர்பே இல்லாத தொனியில் சொல்லிக்கொண்டே போகிறார். தங்கை என்று வெளிப்படும் இடத்திலும் அழுவதில்லை, குரலை உயர்த்தி அச்சுறுத்துவதும் இல்லை. கடைசி வரி வரை முகத்தைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருப்பது நகைச்சுவை நடிப்பின் அடிப்படை வேலை. பின்னாளில் அதே பர்னெட் நிகழ்ச்சியில் நகைச்சுவை நடிகர் டிம் கான்வே யானைக் கதை ஒன்றைச் சொல்லிச் சக நடிகர்களைச் சிரித்துத் தடுமாற வைத்தபோது, லாரன்ஸ் காத்திருந்து ஒரே ஒரு வரியை வீசிக் கான்வேயையே வீழ்த்திய காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

1991இல் கன்ட்ரி இசைப் பாடகி ரீபா மெக்கென்டயர் இதே பாடலைப் பாடினார். குரலை வைத்துப் பார்த்தால் ஒப்பிடவே முடியாது. ரீபா எங்கோ இருக்கிறார். ஆனாலும் அவர் பாடும்போது ஏதோ நடக்கப்போகிறது என்று தொடக்கத்திலேயே மனம் எச்சரிக்கையாகிவிடுவதால், எனக்கு லாரன்ஸின் பதிவுதான் மேலானதாகப் படுகிறது. (ரீபா ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.)

பிறகு அந்தப் பாட்டு வெற்றி ஏன் தொடரவில்லை என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அடுத்து வந்த ‘ஹி டிட் வித் மீ’ அமெரிக்காவில் 75ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 1974இல் ரஸ்ஸலுடனான மணவாழ்வும் முறிந்தது. எதிர்பாராத முடிவை நம்பி நிற்கும் கதைப்பாடலுக்கே உரிய சிக்கலும் உண்டு: அந்த முடிவு ஒருமுறைதான் வேலை செய்யும், அதற்கு இணையான இன்னொன்றை எழுதித் தருபவர் வேண்டும். எழுதித் தருகிறவர்கள் அவருக்குத் தொலைக்காட்சியில் கிடைத்தார்கள். அதே 1974இல், பர்னெட்டின் நிகழ்ச்சியிலேயே, 25 வயதைத் தொடும் நேரத்தில், தன்னைவிட 16 வயது மூத்த பர்னெட்டுக்குத் தாயாக, வாய்த்துடுக்கு மிகுந்த ‘மாமா’ (ஆங்கிலத்தில் ‘அம்மா’) என்ற கிழவியாக அவர் நடிக்கத் தொடங்கினார். முதலில் பர்னெட்டுக்காக எழுதப்பட்ட பாத்திரம் அது. மகள் வேடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு, தாய் வேடத்தை லாரன்ஸுக்குக் கொடுக்கச் சொன்னவர் பர்னெட். 1976இல் அந்த நிகழ்ச்சிக்காக லாரன்ஸ் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். 1983இல் அந்தக் கிழவியை மையமாக வைத்து ‘மாமாஸ் ஃபேமிலி’ என்ற தனித்தொடரே வந்து, இடையில் ஒருமுறை நிறுத்தப்பட்டும் 1990 வரை ஓடியது.