ஏஸ் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறவர்களுக்கு

சனிக்கிழமை இரவு ஆடிய போக்கர் ஆட்டத்தைப் பற்றி எங்கள் குழுவில் நடக்கும் பேச்சுக்கு அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன். நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். எந்தச் சீட்டு வந்தாலும் ரெய்ஸ் செய்யும் (பந்தயத்தை உயர்த்தும்) நண்பர் ரிவரில், அதாவது மேசையில் பொதுவாக விழும் ஐந்தாவது, கடைசிச் சீட்டில், பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் சில்லுகள்) அளவுக்கே, 4,150 சில்லுகள் வைத்தார். நான் ஒரேயொரு பத்து ஜோடியுடன் கால் செய்தேன் (அதே அளவு வைத்தேன்). அவர் ஹார்ட்டின் குயீனையும் ஐந்தையும் காட்டினார்; ஒரு ஜோடிகூட இல்லை. அடுத்த நொடியே குழுவில் வந்த செய்தி: "அண்ணனுக்கு இன்று நேரம் நன்றாக இருக்கிறது."

நேரம் இல்லை. அது கணக்கு.

இப்படிப்பட்டவரிடம் பொறுமையாக இரு, நல்ல சீட்டு வரும்வரை ஃபோல்ட் செய் (சீட்டைப் போட்டுவிட்டு விலகு), வந்ததும் பிடித்துவிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. இரண்டு ஏஸ் சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான் வரும். ஆறு பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு 50, 100 என இரண்டு பிளைண்டுகளையும் (சீட்டைப் பார்க்குமுன் கட்டவேண்டிய பந்தயங்களை) கட்டினால், அந்த 221 ஆட்டங்கள் முடிவதற்குள் 5,500 சில்லுகளுக்குமேல் கரைந்துவிடும். நாம் தொடங்குவதோ 10,000-இல். காத்திருப்பது விடையன்று. நாம் ஃபோல்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அவர் சீட்டைக் காட்டாமலேயே பாட்டை எடுத்துக்கொள்கிறார். அவர் ஆட்டமே அதை நம்பித்தான் நிற்கிறது.

அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் பத்து. முதல் மூன்று பொதுச் சீட்டுகளான ஃப்ளாப்பில் ஹார்ட்டின் பத்து, ஹார்ட்டின் ஏழு, கிளாவர் மூன்று. அங்கேயே நான் ரெய்ஸ் செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள். செய்திருந்தால் வெற்றுக் கையையெல்லாம் அவர் போட்டுவிட்டு, என்னை வெல்லும் கையோடு மட்டும் நின்றிருப்பார். அவரைப் பேசவிட்டதால்தான் அவர் மூன்று முறை வைத்தார். நான்காவது சீட்டான டர்னில் ஸ்பேட் இரண்டு, ரிவரில் ஸ்பேட் கிங், ஹார்ட்டில் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) சேரவில்லை. என் கையில் ஹார்ட்டின் ஒன்றுகூட இல்லை என்பதை நான் முதலிலேயே கவனித்திருந்தேன். அவை அவரிடம் போயிருக்க இடம் உண்டு; அதனால் ஃப்ளஷுக்குக் காத்திருந்து ஏமாந்த கைகள் அவரிடம் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பத்து ஆட்டத்தில் ஏழில் நுழைகிறவரிடம் அத்தகைய கைகள் எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"கிங் இருந்திருந்தால்?" என்று கேட்கிறீர்கள். இருந்திருந்தால் கிங் ஜோடி என் பத்து ஜோடியை வென்று, 4,150 போயிருக்கும். ஆனால் என் கால் சரியாக அமைந்தால் கிடைப்பது, பாட்டும் அவர் வைத்ததும் சேர்ந்து, 8,300. மூன்றில் இரண்டு முறை நான் தோற்றாலும் கணக்கு நேராகிவிடும். அதைவிட ஒரு முறை அதிகமாக வென்றாலும் லாபம். ஆகவே அவரிடம் கிங் இருக்கலாமா என்பதன்று கேள்வி, எத்தனை முறைக்கு ஒரு முறை இருக்காது என்பதுதான். இதைத்தான் நான் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இலவசச் சில்லில் கணக்கு எதற்கு என்கிறார் ஒருவர். ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு அது நின்றது; அதில் எனக்கு வருத்தமில்லை. சில்லுக்கு விலை இல்லாததால்தான் எல்லோரும் கண்மூடி ரெய்ஸ் செய்கிறார்கள், அதனால்தான் இந்தக் கணக்கே தேவைப்படுகிறது. இப்படி ஆடினால் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும் என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

இதை நான் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. 2020 ஊரடங்கில் ஆடத் தொடங்கியபோது நானும் காத்திருந்தவன்தான். ஒருநாள் குயீன் ஜோடியை, ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்ததற்கும் எதிரில் இருந்தவர் பெரிதாக வைத்ததற்கும் அஞ்சி ஃபோல்ட் செய்தேன். அவர் வேண்டுமென்றே எட்டையும் நான்கையும் திருப்பிக் காட்டினார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். யார் எந்த இடத்திலிருந்து எதை வைத்து ரெய்ஸ் செய்தார், மறு ரெய்ஸுக்கு ஃபோல்ட் செய்தாரா, ரிவரில் எதைக் காட்டினார் என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். முடிந்தவரை அத்தகையவருக்கு இடப்பக்க இருக்கையில் அமரவேண்டும், அப்போதுதான் அவர் செய்ததைப் பார்த்துவிட்டு நாம் செய்யலாம் என்பதும், ஃபோல்ட் செய்யத் தெரியாதவரிடம் பிளஃப் (வெற்றுக் கையோடு மிரட்டல்) செய்யக்கூடாது என்பதும் அந்த நோட்டிலிருந்து எனக்குக் கிடைத்தவை.

சத்தமாக ஆடுகிறவரைத் துணிச்சல்காரர் என்கிறோம். ஓரமாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருமுறை வென்றால் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கிறோம். முன்பின் தெரியாதவர் சொன்னால் கடந்துபோயிருப்பேன். "நேரம் நன்றாக இருக்கிறது" என்று எழுதிய தம்பியிடம்தான் அந்த நோட்டைப் போன பொங்கலுக்குக் கொடுத்தேன். பதினேழாம் பக்கத்தில், ரிவரில் பாட் அளவு வைத்தால் மூன்றில் ஒன்று போதும் என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறேன். தம்பி, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாயா என்பதை மட்டும் சொல்.