எங்கள் வீட்டுப் பொம்மைகள் ஏன் ஹாலிலேயே கிடக்கின்றன

போன வாரம் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு, எங்கள் வீட்டுக்கு, சித்தி குடும்பம் வந்திருந்தது. இ-பாஸ் எடுத்து, வத்தலகுண்டு தாண்டி மலையேறி, வழியெல்லாம் வாந்தி எடுத்த பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த சித்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, இந்தப் பொம்மையெல்லாம் உள்ரூம்ல போட்டு அடைச்சு வைக்கக் கூடாதா? வந்த மனுசங்க எங்க உட்கார்றது?"

கேட்ட கையோடு ஒரு பெரிய பையை நீட்டினார். உள்ளே ஒரு பேட்டரி காரும் ஒரு பஞ்சுக் கரடியும்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன், அவரும் படிப்பார். (சித்தி, கோவிச்சுக்காதீங்க.)

உள்ரூமில் அடைத்து வைத்துப் பார்த்தவள்தான் நானும். நாயுடுபுரம் பக்கம் எங்களுடையது வாடகை வீடு. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டரை. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு வீடு துடைத்த வேகத்தில், எல்லாப் பொம்மைகளையும் வாரி மாமனார் காலத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். ஹால் பளிச்சென்று இருந்தது. அப்புறம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மலையில் அக்டோபர், நவம்பர் மழையைப் பற்றிக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெய்யாத நேரத்திலும் பெய்துகொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சோபாவில் உட்காரும்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். முதலில் வாடைதான் வந்தது. நனைந்த கோணிச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. மேலே கிடந்த யானையின் தும்பிக்கை முழுக்க விபூதி பூசியது போலிருந்தது. தொட்டால் மெத்தென்று பஞ்சு மாதிரி விரலில் ஒட்டியது. என் அம்மா வாங்கிக் கொடுத்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குக் கழுத்து ஊறிப்போய், வர்ணம் செதிலாக உரிந்து கையோடு வந்தது. ரயில் வண்டியின் அடிமூடியைத் திறந்தால் பேட்டரி இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி, ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. அடியில் கரடி. வயிற்றில் கறுப்பும் பச்சையுமாக வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது.

மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, கரடிக்குத் தாடி முளைச்சிருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் பிழைத்தது சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகள் மட்டும். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுற்றச் சுற்ற அரக்கை ஏற்றிப் பூசியவை. உலர்ந்த துணியால் துடைத்ததும் பழையபடி மின்னின. மீதியில் பாதி குப்பைக்குப் போனது.

தகரப் பெட்டி பாதுகாப்பு என்று நாம் நினைப்பது சமவெளி அனுபவம். இங்கே பகலில் கொஞ்சம் சூடாகி, ராத்திரி சில்லென்று இறங்கும்போது தகரத்தின் உள்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சைக்கு வசதிதான் என்கிறார்கள். சின்னதாக ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்திருக்கிறேன். நவம்பர் முழுக்க அது 85க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் டப்பாவும் அப்படித்தான். காய்ந்த பொருளைக் காய்ந்த நாளில் போட்டு மூடினால் சரி. ஈரத்தோடு மூடினால் இட்லிச் சட்டி.

இணையத்தில் வரும் அழகான வீடுகளைப் பார்த்து இரண்டு பிரம்புக் கூடைகளும் வாங்கினேன். படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும்: வெள்ளைச் சுவர், பிரம்புக் கூடை, அதற்குள் ஒரே நிறத்தில் மூன்று பொம்மைகள். எங்கள் வீட்டில் ஒரே மழையில் கூடையின் பின்னல் இடுக்கெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய ஓலைப்பெட்டிக்கும் அதே கதிதான். மரத்தூளை ஒட்டிச் செய்த மலிவு ரேக் அடிப்பக்கம் ஊதி, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

என் மாமியார் இதற்கு ஒரு கைவைத்தியம் சொன்னார்: "நாலு அந்துருண்டையைப் போட்டு வையி, ஒண்ணும் அண்டாது." அத்தை சொன்னதில் நான் ஒரேயடியாக மறுத்தது இது ஒன்றைத்தான். பார்க்க வெள்ளை மிட்டாய் மாதிரி இருக்கிற நாப்தலீன் உருண்டையை, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற பிள்ளையின் விளையாட்டுச் சாமானோடு போடுவதா? ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையால் ரத்தச் சிவப்பணுக்களே உடைந்து போகும். நம் பிள்ளைக்கு அந்தக் குறை உண்டா இல்லையா என்று நம்மில் எத்தனை பேர் பரிசோதித்து வைத்திருக்கிறோம்? சொன்னதும் அத்தை கேட்டுக்கொண்டார். பட்டுப்புடவைப் பெட்டியில் மட்டும் இன்னும் போடுகிறார், அது அவர் ராஜ்யம்.

அதே குளிர்காலத்தில் மகனுக்கு இளைப்பு வந்தது. டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்டார்: "கட்டில்ல பஞ்சுப் பொம்மை எத்தனை?" எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. இப்போது ஒன்று. அதுவும் வெந்நீரில் துவைத்து, ஜனவரி வெயிலில் கொடியில் காதைப் பிடித்துத் தொங்கவிடப்படும் பாக்கியம் பெற்ற முயல்.

சரி, அப்படியானால் எங்கேதான் வைப்பது?

எனக்கு விடை கிடைத்தது அம்மா வீட்டுக் கொலுவில். திண்டுக்கல்லில் அம்மா வருடாவருடம் கொலு வைப்பார். ஒவ்வொரு பொம்மையையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருப்பார். நவராத்திரி வந்தால்தான் பெட்டி இறங்கும். இறங்கியதும் நாங்கள் அடித்துக்கொள்வோம், செட்டியார் பொம்மையை யார் பிரிப்பது என்று. முப்பது வருடமாகப் பார்த்த அதே செட்டியார், அதே உடைந்த மூக்கு. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்தவர் போலவே இருப்பார். பத்து நாள் வெளியே, மீதி வருடம் தூக்கம். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பார்கள். அந்தச் செட்டியார் 365 நாளும் ஹாலில் உட்கார்ந்திருந்தால் நான் திரும்பியாவது பார்த்திருப்பேனா?

இதையேதான் பொம்மைக்கும் செய்கிறோம். பிள்ளைகள் கைக்கு எட்டுவது பத்துப் பன்னிரண்டு சாமான்தான். மீதி துணிச் சுற்றோடு உயரத்தில் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போய்வந்த பிறகு, மாற்றுவோம். உள்ளே போக வேண்டிய பொம்மையை முதல் நாள் ராத்திரியே மகள் ஷெல்ஃபில் படுக்க வைத்துவிடுவாள். அவள் பாட்டி வீட்டில் பார்த்தது. அழுகை, ஆர்ப்பாட்டம் கிடையாது, பொம்மைக்குத் தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

2018-இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகள். ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்களாம். படித்தபோது, இதை என் அம்மாவிடம் கேட்டிருந்தால் பரணைக் காட்டியிருப்பாரே என்றுதான் தோன்றியது.

இன்னொரு விஷயம். நம் ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு வருத்தமுண்டு. மாண்டிசோரி பள்ளி என்று போர்டு இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. அந்த முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1942 முதல் 1944 வரை இங்கே, கொடைக்கானலில்தான் இருந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி நடத்த வந்தவர். மறு வருடம் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மரியோவை முகாமில் அடைத்து, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளன்று விடுவித்தார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அவருடைய கல்வி முறை பெரும்பாலும் உருவானது இந்த மலையில், இங்குள்ள செடிகொடிகளையும் பூச்சிகளையும் வைத்துத்தான்.

அவர் ரோமில் 1907-இல் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்கான பயிற்சிச் சாமான்களை உயரமான அலமாரியில் பூட்டி வைத்து, ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பாராம். ஒருநாள் அவர் பூட்ட மறந்துவிட்டார், மறுநாள் வரவும் தாமதம். வந்து பார்த்தால் பிள்ளைகளே அலமாரியைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியைக்கு அது திருட்டு. மாண்டிசோரியோ, தனக்கு எது வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று பார்த்தார். பூட்டு அலமாரி போய், பிள்ளைகள் உயரத்துக்குக் குட்டை அலமாரி வந்தது. உள்ரூமில் அடைக்கச் சொல்கிற ஒவ்வொருவரும் எனக்கு அந்த ஆசிரியையைத்தான் ஞாபகப்படுத்துகிறார்கள்.

உள்ரூம் வேண்டாம் என்பதற்கு மலைவாசிகளுக்கு மட்டுமே புரிகிற காரணமும் உண்டு. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் ஒரே ஒரு அறைதான் உயிரோடு இருக்கும். ஹீட்டர் ஓடுகிற அறை. நான் அங்கே பூண்டு உரிப்பேன், கணவர் அங்கே போன் பார்ப்பார், மகள் அங்கே வீட்டுப்பாடம் எழுதுவாள். பொம்மை மட்டும் ஐஸ் மாதிரி தரையுள்ள உள்ரூமில் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வரும், அப்புறம் அவை ஹால் முழுக்கக் கிடக்கும். மனிதர்கள் இருக்கிற இடத்தில்தான் பிள்ளை விளையாடும். குழந்தைகளுக்குத் தனி விளையாட்டு அறை என்பதெல்லாம் யார் வீட்டுக்கு எழுதிய யோசனையோ.

எங்கள் ஷெல்ஃப் எட்டுப் பழைய பிளம்ஸ் பெட்டிகள். மூஞ்சிக்கல்லில் ஒரு பழக்கடைக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கியது. ஆணியைப் பிடுங்கி, உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். விரலில் சிலாம்பு ஏறியதுதான் மிச்சம் என்று கணவர் கிண்டல் செய்தார். படுக்கை வாக்கில் இரண்டு அடுக்கு, அவ்வளவுதான் உயரம். பலகைக்குப் பலகை இடைவெளி இருப்பதால் காற்று போகும். சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வைத்து, பின்னால் எல் ஆங்கிள் போட்டுச் சுவரோடு திருகியிருக்கிறோம். ஆசாரி "இத்தனூண்டு உசரத்துக்கு எதுக்கும்மா" என்றார். என் மகன் எதன் மேலும் ஏறுவான் அண்ணே என்றேன். மூடி எதற்கும் கிடையாது. கனத்த மூடிப் பெட்டி பிள்ளையின் தலையிலும் விரலிலும் விழுவதற்கென்றே செய்தது.

பிளாக்ஸ், சொப்புச் சாமான், மிருகங்கள் மாதிரி சில்லறைகளெல்லாம் மஞ்சப்பையில். 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று அறிவித்த பிறகு கல்யாண வீடு, கடைத் திறப்பு என்று வீட்டில் பதினைந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதை மகளே வரைந்திருக்கிறாள். யானை படம் போட்ட பையில் மிருகங்கள். (யானைக்கு ஐந்து கால். ஒன்று தும்பிக்கையாம்.) ஆணியில் தொங்குவதால் ஈரம் சேர்வதில்லை. அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

உயரத்தில் மட்டும் நான் கறார். மகளுடைய மணிகள், சின்னச் சின்னப் பிளாக்ஸ், காந்தத் துண்டுகள் எல்லாம் அவள் எம்பினால் எட்டும், அவனுக்கு எட்டவே எட்டாது. மூன்று வயதுக்குக் கீழ் ஆகாத சின்னப் பாகம் எது என்று சோதிக்க ஒரு குழாய் அளவு வைத்திருக்கிறார்கள், விட்டம் சுமார் 3.2 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் தம்பி கைக்குப் போகக்கூடாது. பட்டன் பேட்டரி போட்ட பொம்மையை நான் வாங்குவதே இல்லை. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஏரிக்கரைத் தள்ளுவண்டியில் அதைத் தேடினால் வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும்.

இதெல்லாம் செய்து வீடு படம் மாதிரி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நேற்றுக்கூட ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஒரு பிளாக்கை மிதித்து, என் வாயிலிருந்து வந்த வார்த்தையை மகள் தூக்கத்தில் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் ஏழு மணிக்கு 'கடை சாத்துற நேரம்' என்றால் பத்து நிமிடத்தில் எல்லாம் பெட்டிக்குப் போய்விடுகிறது. இருப்பது பன்னிரண்டுதானே.

சித்தி வாங்கி வந்த காரின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டேன். மகன் வாயாலேயே 'டுர்ர்' என்று ஓட்டிக்கொள்கிறான். கரடி, துணியில் சுற்றி மேலே தூங்குகிறது, தை பிறந்ததும் இறங்கும். அடுத்த முறை வரும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், சித்தி, மதுரையில் நல்ல பருத்தி வேட்டி கிடைக்கும், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, பொம்மை சுற்ற ஆகும்.

அந்த இரண்டு பிரம்புக் கூடைகளையும் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள். மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் கொடுப்பேன். மலைக்காரர்கள் கேட்க வேண்டாம்.