ஆமாம், சீரியல் பார்த்துத்தான் வந்தேன்

சனிக்கிழமை நடந்த இலக்கியக் கூடுகையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே ஒரு மூத்தவர் என்னைக் கிண்டல் செய்த இரண்டு நிமிடப் பேச்சை மட்டும் வெட்டியெடுத்து, சிரிப்புப் பொம்மை போட்டு ஊரெல்லாம் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். காலையிலிருந்து இன்பாக்ஸில் "பார்த்தீங்களா?" என்று கேட்டு வரிசையாகச் செய்திகள். பார்த்தேன். அந்த மூத்தவர் யாரென்று உங்களுக்கெல்லாம் தெரியும். பெயரை நான் எழுதப் போவதில்லை. "சீன சீரியல் பார்த்து மூக்கைச் சிந்திவிட்டு சீன இலக்கியம் பேசக் கிளம்பிவிடுகிறார்கள்" என்று அவர் சொன்னது சீனத் தொடர்களையும் நாவல்களையும் பற்றிய என் பதிவைத்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆமாம். சீரியல் பார்த்துத்தான் வந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நான் முதலில் பார்த்தது சீன மத்தியத் தொலைக்காட்சி 1987-இல் ஒளிபரப்பிய ‘சிவப்பு மாளிகைக் கனவு’. அதே பெயரில் 18-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீன நாவலின் தொடர் வடிவம். 36 பகுதிகள். இயக்கியவர் வாங் ஃபூலின். நடிக்க வந்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத இளம்பிள்ளைகள். 1984-இல் அவர்களைப் பெய்ஜிங்கின் பழைய அரண்மனைத் தோட்டமான யுவான்மிங்யுவானில் கூட்டிவைத்து, கேமரா முன்னால் நிறுத்துவதற்கு முன்பே நாவலைப் படிக்க வைத்தார்கள். யாழ் மீட்டுவது, தூரிகை பிடித்து எழுதுவது, ஓவியம், எல்லாவற்றுக்கும் வகுப்பு நடந்தது. ஆலோசகர் குழுவில் அந்த நாவல் ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்த ஜோ ரூச்சாங் இருந்தார், எழுத்தாளர் ஷென் சோங்வென் இருந்தார். இசையமைத்த வாங் லீபிங் வருஷக்கணக்கில் இந்த ஒரே வேலையில் கிடந்தார். கதையில் வரும் அந்தப் பெரிய தோட்டத்தையே பெய்ஜிங்கில் கட்டினார்கள். இன்றும் அது பூங்காவாக இருக்கிறது. இத்தனையையும் ‘சீரியல்’ என்ற ஒரு சொல்லில் தூக்கி எறிய எப்படி மனம் வருகிறது?

அதில் வாங் ஷீஃபெங் என்று ஒரு மருமகள். மொத்த மாளிகையையும் ஒரு விரல் அசைவில் ஆட்டி வைப்பவள். கணக்கு, வட்டி, வேலையாட்கள், பகை எல்லாம் அவள் கைக்குள். கடைசியில் அவள் சிறையில் சாகிறாள். பாயில் சுருட்டிய உடலைப் பனியில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். முடி பனியில் புரள்கிறது. பெரிய அழுகை, வசனம் எதுவுமில்லை. அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நாவலைத் தேட ஆரம்பித்தேன்.

நாவலில் அப்படி இல்லை. இப்போது அச்சில் கிடைக்கும் 120 அத்தியாயப் பதிப்பில் அவள் நோய்வாய்ப்பட்டுத்தான் சாகிறாள். ஏன் மாற்றினார்கள் என்று தோண்டப் போனால் பெரிய சண்டை ஒன்று கிடைத்தது. நாவலாசிரியர் சாவ் ஷுவேச்சின் எழுதியதாக எல்லோரும் ஒப்புக்கொள்வது முதல் 80 அத்தியாயங்களை. அவை கையெழுத்துப் பிரதிகளாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் இறந்து பல வருஷம் கழித்து, 1791-இல் செங் வெய்யுவானும் காவ் எயும் 120 அத்தியாயமாக அச்சிட்டார்கள். பின் நாற்பதும் யாருடையவை என்ற வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொடரை எடுத்தவர்கள் அந்த நாற்பதை அப்படியே ஏற்காமல், ஐந்தாம் அத்தியாயத்தில் பெண்களின் விதியைச் சொல்லும் பாடல்களிலும் பழைய பிரதிகளின் ஓரக் குறிப்புகளிலும் இருக்கும் தடயங்களைப் பிடித்துக்கொண்டு முடிவை வேறாக எடுத்தார்கள். இந்த விவகாரத்தின் வாசலில் என்னைக் கொண்டுவந்து விட்டது எந்தப் பேராசிரியரும் இல்லை, எந்தக் கூடுகையும் இல்லை. அந்தச் சீரியல்தான்.

"காட்சியாகப் பார்த்துவிட்டால் கற்பனை செத்துவிடும்" என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். எனக்குச் சாகவில்லை. நாவலின் நாயகி லின் தாய்யூ உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் பட்டுப் பையில் போட்டு மண்ணுக்குள் புதைத்துக் கவிதை சொல்லும் இடத்தை நடிகை சென் ஷியாவ்ஷூவின் முகத்தோடுதான் படித்தேன். அதனால் அந்தக் கவிதை எனக்குக் குறைந்துபோனதா? அந்த வேஷத்துக்காகத் தானாகவே இயக்குநருக்குக் கடிதம் எழுதி, கூடவே தன் கவிதையையும் அனுப்பிய பெண் அவர். 2007-இல் இறந்துபோனார். அவர் முகமும் அந்த வரிகளும் என் மனதில் பிரியாமல் இருப்பதை யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுதவே அம்மாதான் காரணம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் சப்டைட்டிலைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். லியூ பாட்டி என்று ஒரு கிராமத்துக் கிழவி வருவாள். பிழைக்க வழியில்லாமல் ஏதோ தூரத்து உறவைச் சொல்லிக்கொண்டு பேரனோடு அந்த மாளிகைக்கு உதவி கேட்டு வந்தவள். இரண்டாவது தடவை வரும்போது தோட்டத்துக் காய்கறிகளைச் சுமந்துகொண்டு வருகிறாள். பெரியவீட்டு விருந்தில் அவளை உட்கார வைத்து, வேண்டுமென்றே கனமான தந்தக் குச்சிகளைக் கையில் கொடுக்கிறார்கள். எதிரே புறா முட்டை. கிழவி எழுந்து நின்று "லியூ கிழவிக்கு மாடு மாதிரிப் பசி" என்று பாட்டாகச் சொல்லிவிட்டுக் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறாள். வீடே சிரித்து உருள்கிறது. ஒருத்தி வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிடுகிறாள். கிழவி முட்டையைப் பிடிக்கப் பிடிக்க அது வழுக்குகிறது. கடைசியில் தரையில் விழுந்து ஓடுகிறது.

நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அந்தக் கிழவிக்கு எல்லாம் தெரியும்டி. அவங்க சிரிக்கட்டும்னுதான் செய்றா. பேரன் வயிறு நிறையணும்ல" என்றது.

பிறகு நாற்பதாம் அத்தியாயத்தைப் படித்தேன். விருந்து முடிந்ததும் ஷீஃபெங்கும் வீட்டு மூதாட்டியின் பணிப்பெண் யுவான்யாங்கும் கிழவியிடம் வந்து "தப்பாக எடுத்துக்கொள்ளாதே" என்கிறார்கள். கிழவி சொல்கிறாள்: நீங்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, மூதாட்டியைச் சிரிக்க வைக்கத்தானே, கோபம் இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். அம்மா அந்த அத்தியாயத்தைப் படித்ததில்லை. படிக்கவும் முடியாது. ஆனால் அதில் இருப்பதை அம்மா சொல்லிவிட்டது. அந்தக் குடும்பம் சரிந்த பிறகு, ஷீஃபெங்கின் மகளைக் காப்பாற்றுவது இதே கிழவிதான்.

எங்கள் அம்மாவைப் போன்றவர்களைத்தான் அந்த மூத்தவர் ‘மூக்கைச் சிந்துகிறவர்கள்’ என்றார். அந்தக் கைதட்டலில் என் நண்பர்கள் இரண்டு பேர் குரலும் கேட்டது. அதுதான் எனக்கு வலிக்கிறது. மற்றது எதுவுமில்லை.

சீனாவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். சியென் ஜோங்ஷுவின் ‘முற்றுகைக் கோட்டை’ 1947-இல் புத்தகமாக வந்தது. 1949-க்குப் பிறகு சீனாவில் மறுபதிப்பே இல்லாமல் முப்பது வருஷம் கிடந்தது. 1980-இல்தான் மறுபடி அச்சானது. அறிஞர்கள் கொண்டாடிய புத்தகத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1990-இல் ஹுவாங் ஷுச்சின் இயக்கிய பத்துப் பகுதித் தொடர். உருப்படாத பட்டத்தைக் காசுக்கு வாங்கிக்கொண்டு கப்பலேறி ஊர் திரும்பும் ஃபாங் ஹொங்ஜியனாக நடித்தவர் சென் தாவ்மிங். தொடருக்கென்றே நாவலின் சாரத்தைச் சில வரிகளில் எழுதிக்கொடுத்தவர் யார் தெரியுமா? சியெனின் மனைவி யாங் ஜியாங். அவரே பெரிய எழுத்தாளர், ‘தோன் கிஹோத்தே’யைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். அவருக்குத் தொலைக்காட்சி கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போனால், ‘மூன்று அரசுகள்’, ‘நீர்க்கரை நாயகர்கள்’, ‘மேற்கு நோக்கிய பயணம்’ எல்லாமே சந்தையில் கதை சொல்லிப் பிழைத்தவர்களின் வாயில் வளர்ந்த கதைகள். அத்தியாயம் முடியும்போது "அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமா, அடுத்த பகுதியைக் கேளுங்கள்" என்று நிறுத்துவார்கள். அச்சில் வந்த பிறகும் அந்த வரி போகவில்லை. சிவப்பு மாளிகையிலும் அது இருக்கிறது. ஜின் யோங்கின் ‘கழுகு வீரர்கள்’ 1957-இல் ஹாங்காங் நாளிதழில் தினம் ஒரு துண்டாக வந்தது. 1976-இலேயே அது தொலைக்காட்சித் தொடரானது, 1983-இல் மறுபடி எடுத்தார்கள், அதற்குப் பிறகும் எத்தனையோ முறை எடுத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் வாரப் பத்திரிகை வரும் நாளில் வாசலில் நின்றது எதற்காக? தொடர்ந்து வரும் கதைக்கு ஏங்குவது எப்போதிலிருந்து கேவலமானது?

அடுத்து, "எல்லாம் சீன அரசின் பிரச்சாரம், தணிக்கை செய்த சரக்கு" என்பவர்கள். தணிக்கை உண்டு. நான் மறுக்கவில்லை. ‘சென்சிங் லிங்’ 2019-இல் தொடராக வந்தபோது, நாவலில் இரண்டு ஆண்களுக்கு நடுவில் இருந்த காதலை ஆத்மார்த்த நட்பாக்கிவிட்டார்கள். லியூ ட்சிஷினின் ‘மூவுடல்’ நாவலில், இயற்பியல் பேராசிரியர் ஒருவரைப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் மேடையேற்றி அடித்தே கொல்வார்கள், மகள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். 2008-இல் சீனாவில் புத்தகமாக வந்தபோதே அந்தப் பகுதியை நடுவில் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆசிரியரின் சம்மதத்தோடு கென் லியூ ஆங்கிலத்தில் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2023-இல் வந்த சீனத் தொடர் அதை மெல்லப் பூசி மெழுகுகிறது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தெரியும். எதை மறைத்தார்கள் என்று கண்டுபிடிக்க நாவலைத் திறந்தாக வேண்டும். நாங்கள் திறந்தோம்.

கல்வானை இழுக்கிறவர்களுக்கு: 2020-இல் எல்லை மோதலில் இறந்த அந்த இருபது வீரர்களுக்காக நானும் அழுதவள்தான். அதற்கும், குடும்பச் சொத்து பறிபோய் வறுமையில் செத்த 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் சாவ் ஷுவேச்சினுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

"குப்பைத் தொடர்கள்தானே அதிகம்?" அதிகம்தான். குப்பை நாவல்களும் அதிகம்.

"ஆங்கிலம் வழியாகப் படித்துவிட்டுப் பேசலாமா" என்று கேட்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் தஸ்தயேவ்ஸ்கியை எந்த மொழியில் படித்தீர்கள்? சி. மோகன் ஆங்கிலத்திலிருந்து கொண்டுவந்த ‘ஓநாய் குலச்சின்னம்’ என்ற சீன நாவலைக் கொண்டாடினோமே, அப்போது ஏன் இந்தக் கேள்வி வரவில்லை? சிவப்பு மாளிகையை மொழிபெயர்ப்பதற்காக டேவிட் ஹாக்ஸ் 1971-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சீனப் பேராசிரியர் பதவியையே விட்டுவிட்டு வந்தார். அந்த உழைப்பை நான் நம்புகிறேன். சீனத்திலிருந்து நேரடியாக வந்தால் இன்னும் நல்லது. ‘பயணி’ என்ற பெயரில் எழுதுபவர், சீனாவின் பழைய பாடல் தொகுப்பான ‘கவித்தொகை’ப் பாடல்களை அப்படித் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த வரிசையில் இன்னும் எத்தனை புத்தகங்கள் வந்திருக்க வேண்டும்? மேடையில் கிண்டலுக்குச் செலவான அந்த நேரத்தில், சீனம் படிக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஒரு நாவலைக் கையில் கொடுத்திருக்கலாமே? பதிப்பாளர்கள் நாலு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களிடம் கேட்டிருக்கலாமே? யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்து, பார்த்ததை எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பயணம்தான் கதையாகி, ‘மேற்கு நோக்கிய பயணம்’ நாவலாகி, 1986-இல் யாங் ஜியே என்ற பெண் இயக்குநரின் கையில் தொடருமானது. நம் ஊருக்கு வந்துபோன மனிதரின் கதை. அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது யாருக்கும் இளக்காரமாகத் தெரியக் கூடாது.

சின்னத்திரையால் இலக்கியம் கெடும் என்று இன்னும் சொல்பவர்கள் 2024-இல் வந்த ‘என் அல்தாய்’ எட்டுப் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். ஷின்ஜியாங்கின் வடகோடியில் கசாக் மேய்ப்பர்களுக்கு நடுவே வாழ்ந்த லி ஜுவான் எழுதிய கட்டுரைகள்தான் அதற்கு மூலம். கதையே கிடையாது. பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா, காற்று, குளிர், இடம்பெயரும் மந்தைகள், அவ்வளவுதான். தொடரில் ஒரு காதல் கதையைச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மா பிடித்துப்போய்த்தான் கட்டுரைகளைத் தேடினேன். இப்போது காதல் கதை இல்லாத அந்தக் கட்டுரைகள்தான் எனக்கு உயிர்.

இதற்குமேல் அந்த மூத்தவருக்குப் பதில் சொல்லும் எண்ணம் இல்லை. அவர் சிவப்பு மாளிகை நாவலையும் படித்ததாகத் தெரியவில்லை, தொடரையும் பார்த்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தால் அந்த விருந்தில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது நினைவுக்கு வந்திருக்கும்.

நம் குழுவில் அடுத்த மாதம் முதல் அத்தியாயத்திலிருந்து சேர்ந்து படிக்கப் போகிறோம். தொடரை மட்டும் பார்த்தவர்கள் தயங்காமல் வாருங்கள். ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் நான் தமிழில் சொல்கிறேன், அம்மாவும் கூட உட்காரும். முதல் ஐந்து அத்தியாயத்தில் பெயர்கள் குழப்பும். குடும்ப வரிசையைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், படம் எடுத்து முதல் பின்னூட்டத்தில் போட்டிருக்கிறேன்.