சேவலை மாற்றிய உடனே அடை வைக்காதீர்கள்

"பழைய சேவலைப் பிரித்துவிட்டுப் புதியதை விட்டால் மறுநாள் முட்டையிலிருந்தே புது இனக் குஞ்சு வரும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, புதிதாக வளர்ப்பவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதால்தான் சொல்கிறேன். கோழியின் முட்டைக்குழாயில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன, அதனால் ஒருமுறை சேர்ந்தாலே இரண்டு வாரம் வரை, சில கோழிகளில் அதைத் தாண்டியும், கரு கூடிய முட்டை வரும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பழைய சேவல் மொட்டைக் கழுத்து; பெட்டைகள் எதுவும் அப்படி இல்லை, புதுச் சேவலும் இல்லை. புதுச் சேவலை விட்டு 5 நாளில் அடை வைத்தேன், 21ஆம் நாள் பொரித்து ஈரம் காய்ந்ததும் பார்த்தால் 11 குஞ்சில் நான்கின் கழுத்து வெறும் தோல்தான், முன்பக்கம் மட்டும் ஒரு சிறு தூவிக் கொத்து. சரி, குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன, ஆனால் அந்த ஈட்டை இனவிருத்திக்கு வைக்க முடியவில்லை.

மூன்று வாரமாவது பொறுங்கள், இனத் தூய்மை முக்கியமென்றால் நான்கு. அதுவரை வரும் முட்டைகளைத் தாராளமாகச் சாப்பிடலாம். அப்புறம் முட்டையில் பென்சிலால் தேதி எழுதுங்கள், பேனா மை வேண்டாம்.