பையை அவிழ்ப்பதற்கு முன் ஒரு கேள்வி

தூண்டில் போடுகிறவர்களுக்காக ஊர்க்குளத்தில் மீன்குஞ்சு விடும் ஆசை நம் குமரி மாவட்டத்தில் பரவிக்கொண்டிருக்கிறது. நல்ல ஆசைதான். பையன்கள் பணம் பிரித்து, வண்டி பிடித்து, ஆக்சிஜன் பையில் குஞ்சு கொண்டுவந்து விடுகிறார்கள். என்ன மீன் என்று கேட்டால் மட்டும் "கெடச்சத விட்டோம்ணே" என்ற பதில் வருகிறது. அங்கேதான் எனக்குப் பயம்.

எந்த மீனாக இருந்தாலும் பையை அவிழ்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இது இந்தக் குளத்தில் தானாக முட்டையிட்டுப் பெருகுமா? பெருகும் என்றால் நம் ஊர் மீனாக இருக்க வேண்டும். வெளியூர் மீன் என்றால் பெருகாததாக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் அடங்காத எதையும் பொதுக் குளத்தில் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் நாட்டுமீன் என்றே பலர் நினைக்கிறார்கள். இவற்றின் சொந்த நீர் வடக்கே. பழையாற்றுக்கும் குழித்துறை ஆற்றுக்கும் இவை வெளியிலிருந்து வந்தவைதான். ஆனாலும் நான் எதிர்ப்பதில்லை. இவை முட்டையிட ஓடும் வெள்ளம் வேண்டும். தேங்கிய குளத்தில் சினை பிடித்தாலும் இடுவதில்லை. அதனால்தான் பண்ணையில் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். 1959-ல் ஹாங்காங்கிலிருந்து வந்த புல்கெண்டையும் ஜப்பானிலிருந்து வந்த வெள்ளிக்கெண்டையும் இதே ரகம். விட்டது தவறு என்று தோன்றினால் அடுத்த வருடம் விடாமல் இருந்தால் போதும், சில வருடத்தில் குளம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

சாதாக்கெண்டை அப்படியில்லை. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கும், வேறொரு ரகம் 1957-ல் பாங்காக்கிலிருந்தும் வந்தது. இது குளத்துப் பாசியிலேயே ஒட்டும் முட்டை இட்டுப் பெருகும். இரைக்காக அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலங்கும், வெளிச்சம் இறங்காது, நீரடிச் செடி அழியும், அந்தச் செடியை நம்பியிருக்கும் நாட்டுமீன் குஞ்சுக்கு ஒளிய இடமில்லாமல் போகும். சிலேபியை (திலாப்பியா) பற்றிச் சொல்லவே வேண்டாம். 1952-ல் நாட்டுக்குள் வந்தது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுவதால் இழப்பு குறைவு. கூட்டம் நெருங்க நெருங்க வளர்ச்சி நின்று, விரல் நீளத்திலேயே சினை பிடிக்கும். "தானா பெருகும்லா" என்று சந்தோஷமாக விட்டவர்களின் தூண்டிலில் பிறகு உள்ளங்கை அளவுக்கு மேல் எதுவும் ஏறாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-ம் ஆண்டே மத்திய அரசு தடைசெய்துவிட்டது. தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று கடையில் விற்கும் சக்கர் மீன் கரையில் வளை தோண்டும். மண்கரைக் குளத்துக்கு அது நேரடி ஆபத்து. வீட்டுத் தொட்டியில் பெருத்துவிட்டது என்று குளத்தில் கொட்டாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா என்ற தென் அமெரிக்க ராட்சத மீன் பிடிபட்டது இப்படி யாரோ வளர்த்ததுதான்.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. இங்கே எந்தக் குளமும் தனிக்குளம் கிடையாது. தோவாளைக்கால், அனந்தனார்கால், நாஞ்சில்நாடு புத்தனார்கால், பட்டணங்கால் என்று கால்வாய் வழியே தண்ணீர் வருகிறது. குளம் நிறைந்தால் உபரிநீர் வழியும் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. நாஞ்சில்நாட்டுப் பக்கம் கடைசியில் பழையாறு, மணக்குடிக் காயல். ஒரு குளத்தில் விட்ட சிலேபி அடுத்த மழையில் பத்துக் குளத்துக்குச் சொந்தம். சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் இரண்டு ஈரநிலங்களும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வரும் பறவைகள் நம்பியிருப்பது சிறு நாட்டுமீன்களை. அந்தக் குளங்களில் தூண்டிலுக்காக எந்த வெளிமீனும் வேண்டாம், பெருகாத கட்லாவும் வேண்டாம்.

சரி, நாட்டுமீனில் எதை விடுவது? தூண்டில்காரனுக்கு விராலை விஞ்சிய மீன் இல்லை. ஆனால் விராலுக்குக் குஞ்சு வாங்குவதைவிட, இருக்கும் தாய்மீனைக் காப்பாற்றுவதுதான் பலன் தரும். மழைத் தண்ணீர் ஏறியதும் கரையோரப் புல் நடுவே ஒரு முழ வட்டம் சுத்தம் செய்து முட்டையிடும். சில நாளில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக்கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்து நகர்வதைப் பார்க்கலாம். கீழே தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளை லூரை (தவளை வடிவப் போலி இரை) எறிந்தால் இரை என்பதற்காக இல்லாமல் குஞ்சைக் காக்கவே பாய்ந்து கடிக்கும். எளிதில் கிடைக்கும் மீன் அது, எடுக்கவே கூடாத மீனும் அதுதான். பெற்ற மீன் போனால் கெண்டையும் கெளுத்தியும் சேர்ந்து அந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். செம்மஞ்சள் கூட்டம் தெரிந்தால் அந்த இடத்தில் தூண்டில் இல்லை என்பதை ஊர்க் கட்டுப்பாடாகவே வைக்க வேண்டும்.

கரிமீனுக்கு வேலை வேறு. காயல் மீன் என்றாலும் நன்னீரில் வாழும், முட்டையும் இடும். ஒரு ஈட்டுக்கு முட்டை குறைவு, அதை ஒட்டவைக்கக் கெட்டியான பரப்பு வேண்டும். சேறு மட்டும் உள்ள குளத்தில் எத்தனை விட்டாலும் பெருகாததற்கு இதுதான் காரணம். தென்னை மட்டை, மூங்கில் துண்டு, உடைந்த ஓடு, மண்பானைத் துண்டு இவற்றை அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் கட்டாக இறக்குங்கள். மட்டையில் கல்லைக் கட்டாவிட்டால் மிதந்து கரைக்கு வந்துவிடும். மணக்குடியிலிருந்தோ தேங்காப்பட்டணத்திலிருந்தோ குஞ்சு கொண்டுவந்தால் உப்புநீரிலிருந்து நேரே குளத்தில் விடாதீர்கள். ஒரு தொட்டியில் வைத்து, மணிக்கொரு முறை கால்பங்கு நீரை மாற்றி, அரைநாளாவது பழக்க வேண்டும். வலையில் செதில் உரிந்த குஞ்சைத் தனியாக எடுத்துவிடுங்கள். அது பூஞ்சை பிடித்துச் சாகும். சிலேபி நிறைந்த குளத்தில் கரிமீன் விடுவது வீண். இரைக்கும் கூடு கட்டும் இடத்துக்கும் போட்டி.

குஞ்சு வாங்கும் முன் குளத்தைப் பாருங்கள். கால்வாயில் தண்ணீரை அடைத்த பிறகு, மே மாதக் கடைசியில் நடுக்குளத்தில் ஒரு மீட்டராவது நீர் நிற்கிறதா? நிற்காவிட்டால் வருடம் முழுதும் மீன் என்ற கணக்கே வேண்டாம். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா? அப்படியென்றால் மூச்சுக்காற்று போதவில்லை. ஆகாயத்தாமரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடியிருந்தாலும், கதம்பல் (தேங்காய் நார்மட்டை) ஊறப்போட்டிருந்தாலும், ரப்பர் ஷீட் அடிக்கும் கழிவு இறங்கினாலும் இந்த நிலை வரும். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் கண்ணிலிருந்து மறைந்தால் கட்லாவுக்கு வேண்டிய நுண்பாசி இருக்கிறது. இன்னொன்று, குஞ்சு விடுவதற்கு முன் "களைமீனைக் கொல்ல" இலுப்பைப் புண்ணாக்கு போடும் வழக்கம் வளர்ப்புக் குட்டைக்கு உரியது. பொதுக் குளத்தில் அதைப் போட்டால் ஆரலும் கெளுத்தியும் கரிமீனும் சேர்ந்து செத்து மிதக்கும்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஐந்து ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2 ஹெக்டேர் குளம், தீவனம் போடாமல் தூண்டிலுக்கு மட்டும் என்றால் நான் சொல்வது கட்லா 400, ரோகு 400, கரிமீன் 500. நீரடிச் செடி அடர்ந்திருந்தால் மட்டும் புல்கெண்டை 50. தாமரைக் குத்தகை உள்ள குளத்தில் அதுவும் வேண்டாம். இளந்தளிரைத் தின்றுவிடும், குத்தகைக்காரர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான். கட்லாவும் ரோகுவும் 10 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விலை குறைவு என்று 3 செ.மீ. குஞ்சை ஆயிரக்கணக்கில் விட்டால், ஏற்கெனவே இருக்கும் விராலுக்கும் கெளுத்திக்கும் தீனி போட்டதாகத்தான் கணக்கு.

பை திறக்கும் முன் கலப்பு பாருங்கள். ஒரு குஞ்சை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து முதுகுத் துடுப்பைக் கவனியுங்கள். ரோகுவுக்கும் மிர்காலுக்கும் அது குட்டை. நடுமுதுகில் தொடங்கி வால் பக்கம்வரை நீண்டு, வாயோரம் இரண்டு ஜோடி மீசையும் இருந்தால் சாதாக்கெண்டை. துடுப்பின் முன்பாதி முள்ளாக, பின்பாதியில் கருப்புப் பொட்டு இருந்தால் சிலேபி. ஒரு பையில் இரண்டு மூன்று கலப்பு தெரிந்தால் முழுப் பையையும் திருப்பி அனுப்புங்கள்.

கொண்டுவருவதற்கு முந்தின நாள் குஞ்சுக்கு இரை கொடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள் கழித்து, அந்த நஞ்சிலேயே சாகும். பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். 10 செ.மீ. குஞ்சு என்றால் பைக்கு 50-க்கு மேல் போகாதீர்கள். வந்ததும் பையைக் கட்டோடு குளத்தில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு அவிழ்த்துக் குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பையைச் சாய்த்துப் பிடித்தால் தானாக நீந்திப் போகும். உச்சிவெயிலில் வேண்டாம், காலையோ மாலையோ. நோய்க்கு முன்காப்பாக 10 லிட்டர் நீருக்கு 200 கிராம் கல்லுப்புக் கரைத்து, கெண்டைக் குஞ்சை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பழக்கிவிடலாம்.

ஜூனில் கால் திறந்து குளம் நிறையத் தொடங்கியதும் விடலாம் என்றாலும், அக்டோபர் மழையில் மறுகால் பாயும்போது பாதிக் குஞ்சு போய்விடும். மறுகாலில் வலை கட்டுவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நேராக நிறுத்தின வலையில் ஆகாயத்தாமரை அடைத்து, நீர் அழுத்தி, கம்போடு பிடுங்கிக்கொண்டு போகும். வலையைச் சாய்வாக, மறுகால் அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு வளைத்துக் கட்டுங்கள். நான்கடி முன்னால் ஒரு மூங்கிலை மிதக்கவிட்டால் செடி அங்கேயே நிற்கும். மழை நாளில் காலை மாலை ஒரு ஆள் சுத்தம் செய்ய வேண்டும். கரைக்கு ஆபத்து என்று தெரிந்தால் யோசிக்காமல் வலையை அறுத்துவிடுங்கள்.

இனி எடுப்பதில் கட்டுப்பாடு. 800 கெண்டையில் பாதி பிழைத்தால் 400. வருடத்துக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு எட்டு மீன். ஞாயிறுதோறும் இருபது பேர் ஆளுக்கு இரண்டு எடுத்தால் பத்து வாரத்தில் குளம் காலி. கட்லா ஒரு கிலோ தொடவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். விராலில் 30 செ.மீ.க்குக் குறைந்ததையும் 60 செ.மீ.க்கு மேலானதையும் திரும்ப விட வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றும்போது வாய் கிழியாது. ஈரக்கையால் பிடியுங்கள். அறுந்த தூண்டில் நரம்பைக் குளத்தில் விட்டுவராதீர்கள். நீர்க்காகத்தின் காலிலும் இறகிலும் சுற்றினால் அது பட்டினியில்தான் சாகும். சிலேபி கிடைத்தால் அளவு பார்க்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றையும் திரும்ப விட வேண்டாம்.

இதெல்லாம் நிற்க வேண்டுமானால் மீன்பாசி குத்தகை (குளத்தில் மீன்பிடிக்கும் உரிமையின் ஏலம்) நிபந்தனையில் எழுத்தில் வர வேண்டும். எந்த மீன் விடலாம், எது கூடாது, தூண்டிலுக்கு எந்தக் கரை, ஆளுக்கு எத்தனை என்று ஏல அறிவிப்பிலேயே இருந்தால் குத்தகைதாரருக்கும் தூண்டில்காரருக்கும் தகராறு வராது. ஊராட்சிக் குளம் என்றால் மே 1 கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானமாக்குங்கள். கால் திறப்பதற்கு அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். பண்ணையில் 10 செ.மீ. குஞ்சுக்குச் சொல்லிவைக்கவும், மட்டை இறக்கவும், மறுகால் வலை தைக்கவும் அந்த ஒரு மாதம் போதும்.