பெயர்ப் பட்டியல் போதும், வேலையைக் கண்டுபிடியுங்கள்

கல்லீரல் நோய்களில், மரபணுத் தொகுதியிலிருந்து படியெடுக்கப்பட்டும் புரதமாக மாறாத ஆர்.என்.ஏ மூலக்கூறுகளின் பங்கு பற்றி வரும் ஆய்வுச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கல்லீரல் புற்றுநோயில் இந்த ஆர்.என்.ஏ கூடுகிறது, அது குறைகிறது, எனவே நோயைக் கண்டறிய உதவலாம். அதோடு சரி. கொஞ்ச நாளில் வேறொரு பெயர் வந்துவிடும். இந்தப் பட்டியல் நீள்வதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடியது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்றுகூடத் தெரியாதபோது நோயாளிக்கு அதனால் என்ன பயன்?

ஒரே ஒரு மூலக்கூறின் வேலையை அடிவரை தோண்டிப் பார்த்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதற்கு மிர்-122 என்ற குட்டி ஆர்.என்.ஏ இருக்கிறது.

முதலில் பின்னணி. நம் மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறிப்பு இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான். மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது. அவற்றில் மிகக் குட்டியானவற்றுள் ஒரு வகை மைக்ரோ ஆர்.என்.ஏ, சுமார் 22 எழுத்து நீளம். புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதை அடக்கிவைக்கும். 1993-ல் ஒரு சிறு புழுவில் முதன்முதலாகப் பிடிபட்டது. அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மிர்-122 அப்படியொரு மைக்ரோ ஆர்.என்.ஏ, கல்லீரலுக்கே உரியது. அங்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இது ஒன்றுதான். கொழுப்பு, கொலஸ்ட்ரால் தொடர்பான மரபணுக்களின் போக்கு இதன் கையில் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகவும் இதே மூலக்கூறு வேண்டும் என்று 2005-ல் தெரியவந்தது. வைரஸின் ஆர்.என்.ஏ இழையின் தொடக்க நுனியில் இரண்டு இடங்களில் மிர்-122 போய் ஒட்டுகிறது. மற்ற இடங்களில் ஒட்டினால் அடக்குவது, இங்கே ஒட்டினால் காக்கிறது. செல்லின் நொதிகள் அந்த நுனியிலிருந்து இழையை அரித்துவிடாதபடி மூடிக்கொள்கிறது. நம் செல்லில் மலிந்து கிடப்பதையே வைரஸ் கவசமாக எடுத்து மாட்டிக்கொள்கிறது. இதை முதன்முறை படித்தபோது ஏற்பட்ட பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

அதிலிருந்துதான் மிராவிர்சென் வந்தது. மிர்-122-ஐப் பிடித்து முடக்கும் ஊசி மருந்து. 36 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2013-ல் வெளியானது. வாரம் ஒன்றாக ஐந்து ஊசி. மருந்தின் அளவு கூடக் கூட ரத்தத்தில் வைரஸ் குறைந்தது. சிலரிடம் கண்டறிய முடியாத அளவுக்கே போனது. அதே ஆண்டு இறுதியில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் ஒன்றோடொன்று சேர்ந்தபின் ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் 95 சதவீதம் பேர் வரை குணமாகிறார்கள். மிராவிர்சென் ஓரங்கட்டப்பட்டது. இதைத் தோல்விக் கணக்கில் எழுதுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். மனித உடலில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏவைக் குறிவைத்து நோயைக் குறைக்க முடியும் என்று காட்டிய மருந்து அது.

ஆனால் 2012-லேயே எலிகள் ஓர் எச்சரிக்கையும் தந்திருந்தன. மிர்-122 அறவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கொழுப்புக் கல்லீரல் வந்தது, அழற்சி வந்தது, வயதானபின் கல்லீரலில் புற்றுக்கட்டியும் வந்தது. வைரஸுக்குத் துணைபோவதும் புற்றுநோயைத் தடுத்துவைப்பதும் ஒரே மூலக்கூறுதான். நல்ல ஆர்.என்.ஏ, கெட்ட ஆர்.என்.ஏ என்று தலைப்புப் போடுபவர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

கல்லீரல் தழும்பேறுவதிலும் இப்படிக் காரணம் புரிந்த இடங்கள் உண்டு. காயம் தொடர்ந்தால் அங்குள்ள நட்சத்திர செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டத் தொடங்கும், முற்றினால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும் நிலை. கொலாஜன் மரபணுக்களை அடக்கிவைக்கும் மிர்-29 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ அந்தச் சமயத்தில் குறைந்துவிடுகிறது. இது வெறும் ஏற்ற இறக்கக் கணக்கு இல்லை. எது எதை அடக்குகிறது என்பது தெரிந்ததால், மேற்கொண்டு எங்கே கைவைக்கலாம் என்றாவது யோசிக்க முடிகிறது.

ரத்தப் பரிசோதனை விஷயத்திலும் மிர்-122-க்கே என் ஓட்டு. பாராசிட்டமால் அளவுமீறிப் போய்க் கல்லீரல் செல்கள் சிதையும்போது இது ரத்தத்தில் கசிகிறது. நாம் வழக்கமாகப் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி என்ற கல்லீரல் நொதி தசைக் காயத்திலும் ஏறலாம். மிர்-122 அப்படிக் குழப்புவது குறைவு, ஏறுவதும் சீக்கிரம். ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளக்கும் முறை மாறுகிறது. புதுப் பெயர்களைத் தேடி ஓடும் உழைப்பில் பாதியை, எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுமுறையை உறுதிசெய்வதில் போட்டால் என்ன?

மருந்தைக் கொண்டுசேர்க்கும் வழி இன்று கையில் இருக்கிறது. கால்நாக் என்ற சர்க்கரை மூலக்கூறை ஒட்டிவிட்டால் கல்லீரல் செல் தானே இழுத்துக்கொள்ளும். செயற்கையாகச் செய்த குட்டி ஆர்.என்.ஏவான கிவோசிரான் கல்லீரல் போர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோய்க்கு 2019-ல் அமெரிக்க அனுமதி பெற்றது இந்த வழியில்தான். அது ஒரே ஒரு மரபணுவைக் குறிவைப்பது. மைக்ரோ ஆர்.என்.ஏ ஒன்று நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும். மிர்-34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏவைப் போலச் செய்யப்பட்ட எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற புற்றுநோய் மருந்தின் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது. நோயாளிகள் சிலர் இறந்தார்கள். வேறு வழியில்லாமல் நம்பிக் கையெழுத்திட்டுச் சோதனைக்கு வந்தவர்கள் அவர்கள். ஒரு மூலக்கூறு கல்லீரலுக்கு வெளியே என்னென்ன செய்யும் என்பதை முழுமையாகத் தேடாமல் இன்னொருவர் கையில் ஊசி போடக் கூடாது.