படம் இலவசம் என்பதால் வேலை இல்லாமல் போய்விடாது
"செயற்கைக்கோள் படங்கள் இலவசம், வரைபடத்தைச் செயற்கை நுண்ணறிவே வரைந்துவிடும், ஆகவே சுற்றுச்சூழல் வரைபடத் துறையில் இனி ஆள் தேவையில்லை" என்ற கூற்றில் முதல் பகுதி மட்டுமே சரி. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் சென்டினல்-2 படத்தில் மிக நுணுக்கமான பட்டைகளில்கூட (ஒளியின் அலைநீளப் பிரிவுகளில்கூட) ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர் நிலத்தைக் குறிக்கிறது. அதற்குள் பாதி நீரும் பாதி நாணலும் இருந்தால் அதை எந்த வகையில் சேர்ப்பது என்பதைக் களத்தை அறிந்தவர்தான் தீர்மானிக்க வேண்டும். மேக நிழலை ஏரி என்றும், ஒரே இன மரத்தோட்டத்தை இயற்கைக் காடு என்றும் தானியங்கி வகைப்பாடு காட்டிவிடுவது இத்துறையில் பழகிய தலைவலி. இதைவிடச் சங்கடமான பிழையும் உண்டு: இணைய வரைபடங்களில் வழங்கும் மெர்கேட்டர் புரொஜெக்ஷனிலேயே (உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்து, துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாகக் காட்டும் முறை) பரப்பளவைக் கணக்கிட்டால், 60 பாகை அட்சரேகையில் உள்ள காடு ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருத்துவிடும், படத்தைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. வெறுமனே பொத்தானை அழுத்தும் வேலை குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. சூழலியல், புள்ளியியல், ஓரளவு பைத்தான் நிரல்மொழி ஆகியவற்றைச் சேர்த்துக் கற்று, இத்தகைய பிழைகளைப் பிடிக்கத் தெரிந்தவரையும் அதே கணக்கில் சேர்ப்பதுதான் தவறு.